வம்சவிருட்சத்தில் இல்லாத பெயர்

பியாட்ரிஸ் சிஸ்டரை எனக்கு முதலில் பிடிக்கவில்லை. இதைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதுதான் நியாயம். வக்கீல் சுந்தரமூர்த்தியின் ஆபீசில் இருபத்திரண்டு வருடம் டைப் அடித்தவன் நான். வீட்டுக் கடன் கேட்பவர்களின் பத்திரங்களைச் சரிபார்க்க ஒரு வங்கி எங்களிடம் அனுப்பும். 'வில்லங்கம் ஏதுமில்லை' என்று சார் சொல்லச் சொல்ல அடித்துக் கொடுப்பேன். வாங்குகிறவர்கள் அந்தக் காகிதத்தைக் கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போவார்கள். உட்கார்ந்து படித்தது இந்த அம்மாள் ஒருவர்தான்.

1999-ஆம் வருடம் அது. அவருக்கு நாற்பத்தாறு வயது, ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் வேலை. கணவர் இறந்த பிறகு மகளை வைத்துக்கொண்டு லிங்கராஜபுரத்திலேயே பதினோரு வாடகை வீடு மாறியிருந்தார். பதினோரு வீட்டுக்காரர்களும் சொல்லிவைத்தாற்போல, சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்றிருக்கிறார்கள். அவருடைய இயேசு படம் அத்தனை வருடமும் பீரோ மேல் சாய்ந்தே கிடந்தது. "எனக்கு மாளிகை வேணாம் சார், ஒரு ஆணி அடிக்கிறதுக்குச் சுவரு வேணும்" என்று வந்த முதல் நாளே சொன்னார்.

அதே பேட்டையில் முனிகிருஷ்ணன் என்பவரின் சிறிய வீட்டுக்கு அவர் முன்பணம் கொடுத்திருந்தார். முனிகிருஷ்ணனின் அப்பா கட்டிய வீடு. அப்பாவும் அம்மாவும் காலமாகிவிட்டார்கள், உயில் கிடையாது. அப்படிப்பட்ட சொத்துக்கு வம்சவிருட்சம் வேண்டும். செத்தவருக்கு வாரிசு யார் யார் என்று மரம்போல வரைந்து, கிராமக் கணக்கர் கையெழுத்துப் போட்டுத் தரும் காகிதம் அது. முனிகிருஷ்ணன் கொண்டுவந்த மரத்தில் ஒரே கிளை, முனிகிருஷ்ணன். சார் சரி என்றார், நானும் அடித்துவிட்டேன். வங்கியும் கடனுக்கு ஒப்புதல் கடிதம் கொடுத்தது. அந்தக் கடிதத்துக்கு மூன்று மாதம்தான் ஆயுள்.

பத்திரங்கள் எல்லாம் கன்னடத்தில். சிஸ்டருக்குக் கன்னடம் பேச வரும், படிப்பதுதான் எழுத்துக்கூட்டி. அப்படியும் கட்டு முழுவதையும் கேட்டு வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, விரலை வைத்து இரண்டு மணி நேரம் படித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. கடைசியில், விலாசத்துக்காகச் சேர்த்திருந்த பழைய ரேஷன் கார்டு நகலோடு எழுந்து வந்தார்.

"சார், இதுல ஜானகின்னு ஒரு பேரு இருக்குது. குடும்பத் தலைவருக்கு மகள்னு போட்டிருக்குது. அந்த மரத்துல இவங்க இல்லியே?"

சாரின் முகம் சுருங்கிவிட்டது. பெண்பிள்ளைகளைக் கிளையாகவே எண்ணாத ஊர்வழக்கம் ஒன்று உண்டு. கட்டிக்கொடுத்தால் அந்த வீட்டு ஆள், இந்த மரத்தில் எதற்கு என்பார்கள். தெரிந்தும் நாங்கள் ரேஷன் கார்டைப் புரட்டிப் பார்க்கவில்லை. தப்பு எங்களுடையதுதான்.

"பேங்க் ஒத்துக்கிச்சேம்மா" என்று சமாளித்துப் பார்த்தார் சார்.

"நாளைக்கு ஜானகி வந்து கதவத் தட்டினா, பேங்க் வந்து பதில் சொல்லுமா சார்?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். இங்கே சாமியும் பூசாரியும் கொடுத்துவிட்டார்கள், வரம் கேட்டவர் வாங்க மறுத்தார்.

முனிகிருஷ்ணனைக் கூப்பிட்டுக் கேட்டோம். "அவ என் தங்கச்சிதான். ஓடிப்போய்க் கல்யாணம் பண்ணிகினவ சிஸ்டர். ஹெப்பகோடில எதோ துணிக் கம்பெனில கீறாளாம். அவ பேரு எதுக்கு? சும்னே வம்பு."

"உயில் இல்லாட்டி மகனுக்கு எவ்வளவோ மகளுக்கும் அவ்வளவுதான்யா. அவ ஓடிப்போனா பங்கும் கூடவே ஓடிப்போயிடாது" என்றார் சார்.

சிஸ்டர் தன் வார விடுமுறை நாட்களில் பஸ் மாறி மாறி ஹெப்பகோடிக்குப் போனார். ஷிப்டு விடும் நேரத்தில் கம்பெனி கேட்டுகளில் நின்று, வெளியே வரும் பெண்களை ஜானகி தெரியுமா என்று விசாரித்தார். மூன்றாவது வாரம் ஜானகி கிடைத்தாள்.

அவள் எங்கள் ஆபீசுக்கு வந்தபோது வங்கிக் கடிதத்துக்குப் பதினோரு நாள் மிச்சம். முனிகிருஷ்ணன் முந்திக்கொண்டு, வேறொரு எழுத்தரிடம் எழுதிய விடுதலைப் பத்திரத்தோடு தயாராக இருந்தார். கூடவே ஒரு தட்டு. அதில் பட்டுப்புடவை, மஞ்சள், குங்குமம், வெற்றிலை பாக்கு. கூடப் பிறந்தவளுக்கு 'அரிசின குங்குமம்' என்று மஞ்சள் குங்குமம் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது இந்தப் பக்கத்துப் பழக்கம். ஐந்து வருடம் முகம் பார்க்காத அண்ணன் தட்டை நீட்டியதும் ஜானகி உடைந்து அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே பேனாவை எடுத்துவிட்டாள்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எனக்கு நிம்மதி. அந்தக் கையெழுத்து விழுந்தால் சிஸ்டருக்கு வீடு. நான் அவரைப் பார்த்தேன். அவர் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசாமல் இருந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஒரு கணம் அவரும் நினைத்திருப்பார்.

"இரும்மா" என்று ஜானகியின் கையைப் பிடித்தார். "நீ கையெழுத்து போட்டா வீடு எனக்கு. போடாட்டி நஷ்டமும் எனக்குத்தான். அதனால நான் சொல்றத நீ நம்பலாம். பாதி வீடு உன்னுது. அது வேணாம்னு இதுல எழுதியிருக்குது. தெரிஞ்சு போடறதுன்னா போடு."

ஜானகி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். முனிகிருஷ்ணன் கத்தினார். "சிஸ்டர், நீங்க வீடு வாங்க வந்தீங்களா, குடும்பத்தக் கெடுக்க வந்தீங்களா? ரொக்கம் குடுக்கற பார்ட்டி எங்கிட்ட கீது!"

"தாராளமா வித்துக்குங்க. அவங்களுக்கும் ஜானகி கையெழுத்து வேணும். இனிமே அவளுக்குத் தெரியும்."

தட்டைத் தூக்கிக்கொண்டு முனிகிருஷ்ணன் வெளியேறிவிட்டார். எனக்குத் தாங்கவில்லை. "ஏம்மா, கைக்கு எட்டினத வாய்க்கு எட்டாமப் பண்ணிட்டீங்களே" என்று கேட்டேவிட்டேன்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி கைநாட்டு வாங்கறது என் வேலைண்ணா. படிச்சுக் காட்டாம ஒருத்தர்கிட்டயும் வாங்குனதில்ல. வீட்டுக்காக மட்டும் வாங்கிட்டா, அந்த வீட்ல எனக்குத் தூக்கம் வராது."

அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பிடித்து என்ன செய்ய? நாள் ஓடிக்கொண்டிருந்தது. டூட்டி முடிந்து தினமும் வந்து பெஞ்சில் உட்காருவார். "ஆள் வந்தாரா?" என்பார். இல்லை என்றால், "நாளைக்கு வருவார்" என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தப் பிடிவாதம் என்னைக்கூடத் தொற்றிக்கொண்டது. முனிகிருஷ்ணன் வீட்டுக்கு நானே இரண்டு முறை நடந்தேன்.

நான்கு நாள் மிச்சமிருக்கும்போது அவர் வந்தார். ரொக்கப் பார்ட்டியின் வக்கீலும் தங்கை கையெழுத்தைக் கேட்டுவிட்டாராம். அடுத்த நாள் ஜானகியும் வந்தாள். பாதி என்றதும் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அவரைப் பார்த்து அவள் சொன்னாள்: "அப்பாவக் கடைசி வரைக்கும் நீதான் பாத்துகினே. எனக்கு மூணுல ஒரு பங்கு போதும்ணா. ஆனா பத்திரத்துல என் பேரு வரணும். அந்தப் புடவையும் வேணும்."

முனிகிருஷ்ணன் அழுதார். தட்டு மறுபடி வந்தது. வம்சவிருட்சத்தைத் திருத்தி வாங்கினோம். கடிதம் காலாவதியாகும் அன்றே பதிவு நடந்தது. விற்பவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர், வங்கியிலிருந்து இரண்டு காசோலை. பதிவு முடிந்ததும் ஜானகி என்னிடம், தன் பெயர் இருக்கும் பக்கத்துக்கு மட்டும் ஒரு ஜெராக்ஸ் கேட்டாள். இரண்டாக எடுத்துக் கொடுத்தேன்.

பாதிரியார் வந்து ஜெபம் செய்யும் வீடு மந்திரிப்புக்கு எங்களையும் கூப்பிட்டிருந்தார் சிஸ்டர். அசல் பத்திரம் கடன் தீரும்வரை வங்கிப் பெட்டகத்தில் இருக்கும், பதினைந்து வருடம். "சொந்த வீட்டுப் பத்திரத்தப் பாக்கக்கூட முடியாதே சிஸ்டர்" என்று நான் சீண்டினேன். அவர் முற்றத்துக் கதவுக்கு எதிரே நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். வாயில் ஓர் ஆணி, கையில் சுத்தியல். ஜானகி அந்தப் பட்டுப்புடவையில் நின்று நாற்காலியைப் பிடித்திருந்தாள்.

சிஸ்டர் ஆணியை வாயிலிருந்து எடுத்தார். "பத்திரம் பேங்க்லயே இருக்கட்டும்ணா. சுவரு இங்கதான இருக்குது."

ஓங்கி அடித்தார்.