எழுதியவர் பெயர் தெரியாத பாட்டு

இன்று மாலை மட்டாஞ்சேரியில் ஒரு காபிக்கடையில் ராக் குழு ஒன்று பாடியது. மூன்றாவதாக வந்தது, மறைந்த என் கணவர் வில்பிரட் எழுதி, மெட்டமைத்து, ஓட்டல் மேடைகளில் வருடக்கணக்காகப் பாடிய பாட்டு.

பாடகர் அறிவித்தார்: "இது பழைய கொச்சிப் பாட்டு. எழுதினது ஆருன்னு அறியில்ல."

இரண்டாம் வரியில் ஒரு சொல்லின் நடுவே மூச்சு வாங்கினார்.

வில்பிரட் பிற்காலத்தில் குரல் பயிற்சி கொடுத்தவர். சொல்லை உடைத்து யாராவது மூச்சு வாங்கினால் வகுப்பையே நிறுத்திவிடுவார். இந்தப் பாட்டைப் பதிவு செய்த அன்று மட்டும் அவருக்கே காய்ச்சல். அந்த இடத்தில் மூச்சு தாங்கவில்லை.

முடிந்ததும் போய்க் கேட்டேன். "தம்பி, அந்தச் சொல்லுக்கு நடுவுல ஏன் மூச்சு எடுத்தீங்க?"

"அது ஸ்டைலாக்கும், ஆன்ட்டி. பழைய கேசட்டுல அப்படித்தான் இருக்கு."

"ஸ்டைல் இல்ல, காய்ச்சல். கேசட்டுல பாடினது என் வீட்டுக்காரர்."

"ஐயோ, எனக்கு அறியாது ஆன்ட்டி! வாங்க, ஒரு செல்ஃபி எடுக்கலாம்."

வில்பிரட்டின் முழுப்பெயரைத் தாளில் எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் படத்துக்கு நின்றேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் அவருடைய இணையப் பக்கத்தில் படம் ஏறியிருக்கிறது. கீழே ஒரே வரி: "என் மூத்த ரசிகையோடு."

உங்களில் யாராவது அந்தப் படத்துக்குக் கீழே போய் வில்பிரட்டின் பெயரை எழுதுங்கள். நானே எழுதினால், பாவம், ரசிகைக்கு வயதாகிவிட்டது என்பார்கள்.