ஏகாம்பரம் அண்ணனின் கம்ப்யூட்டர் பட்டா

பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருப்பவனிடம் சீலும் கிடையாது, பச்சை மையும் கிடையாது. ஆனால் சர்க்கார் தாமதத்துக்கெல்லாம் முதல் திட்டு அவனுக்குத்தான். இரண்டாயிரத்துக்கு அப்புறம் சில வருஷங்கள், ஆரணியில் மூன்று கம்ப்யூட்டர்களோடு நான் அப்படி உட்கார்ந்திருந்தேன். இப்போது திறக்கும், அப்போது திறக்கும் என்று அரசாங்கப் பக்கத்தின் முன்னால் தவம் கிடந்தவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே ஜாதி.

ஐயா இருக்காருங்களா?

ஏகாம்பரம் அண்ணன் பட்டு நெய்கிறவர். ஓட்டு வீடு. மழை வந்தால் ஒழுகுவது நேராகத் தறிமேல்தான்; பாவு நூல் நனைந்தால் புடவை போச்சு. ஐப்பசி மழைக்குள் கான்கிரீட் போட்டுவிட வேண்டும் என்று பேங்கில் லோன் கேட்டிருந்தார். பட்டா அவர் பேரில் இருக்க வேண்டும் என்றார்கள். அதைக் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம் என்று யாரோ சொல்லி, என்னிடம் வந்தார்.

வந்த கோலத்தைச் சொல்ல வேண்டும். தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, சலவை வேட்டி. கையில் ஓர் எலுமிச்சம்பழம். அதிகாரியைப் பார்க்கப் போனால் எங்கள் பக்கத்தில் வெறுங்கையோடு போகமாட்டார்கள். சுற்றிப் பார்த்தார், கொடுக்க ஆள் இல்லை. மானிட்டர் மேல் பயபக்தியோடு வைத்தார். பட்டா பக்கத்தைத் தட்டினேன், திறக்கவே இல்லை. நாற்காலியைக் காட்டினேன்.

"வாணாம் தம்பி. ஐயா வேலையா இருக்காரு போல. நான் நின்னுகினே இருக்கேன்."

அப்பா பேர்

கால் மணி நேரம் கழித்துத் திறந்தது. அவர் நீட்டிய பழைய வரி ரசீதிலிருந்து சர்வே நம்பரைத் தட்டினேன். உரிமையாளர்: முனுசாமி. அதாவது, அண்ணனின் அப்பா. காலமாகிப் பதினெட்டு வருஷம். அண்ணன் ஒரே பிள்ளை, ஆனாலும் யாரும் பேர் மாற்றவில்லை.

அண்ணன் சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்கிரீனைக் கும்பிட்டார். பக்கத்தில் ரிசல்ட் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணும் எதற்கென்று தெரியாமல் கும்பிட்டாள். பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் படித்ததும் அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது.

"கும்புட்டுக்கினேன், சரி. பேங்குல கையெழுத்து போட இவரு எப்டிப்பா வருவாரு?"

அட்டையை மாத்தி மாட்டு

மறுநாள் அதே தாளோடு வந்தார். 'முனுசாமி'யை ஸ்கேல் வைத்து அடித்துவிட்டு, மேலே 'ஏகாம்பரம்' என்று அழகாக எழுதியிருந்தார். "இதை உள்ள விடு தம்பி" என்று பிரிண்டரைக் காட்டினார்.

உள்ளே விட்டால் ஒன்றும் மாறாது என்றேன். என் குரல் எப்போதுமே சன்னம். அதனால் எனக்கே விஷயம் தெரியாது என்று நினைத்துவிட்டார். பொறுமையாக விளக்கினார். தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. அதில் ஓட்டை போட்ட அட்டைகள் ஓடும். ஓட்டைப்படிதான் புடவையில் பூ விழும். பூ தப்பாக விழுந்தால் அந்த ஓர் அட்டையைத் திருத்தி மாட்டினால் போதும். அடுத்த பூ சரியாகிவிடும். இதுவும் மெஷின்தானே?

தாலுகா ஆபீஸில் மனு கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன்.

"உன் மெஷினுக்கு எங்க தறி எவ்ளோ மேல்பா!"

யார் சொன்னது?

பட்டா மாற்ற என்னென்ன வேண்டும் என்று அரசாங்கப் பக்கத்திலேயே இருந்தது: இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மனு. பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அண்ணன் எல்லாவற்றையும் அலைந்து வாங்கி, தாலுகா ஆபீஸில் நீட்டினார். "இதெல்லாம் யார் சொன்னது?" என்றாராம் கிளார்க். "நீங்கதான் போட்டுக்கீறீங்க" என்று என் பிரிண்ட்டைக் காட்டியிருக்கிறார் அண்ணன்.

அன்று சாயந்திரம் கிளார்க்கே சென்டருக்கு வந்துவிட்டார். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, என்னைவிடச் சன்னமான குரலில் கேட்டார்.

"எங்க ஆபீஸ்ல இன்னா இன்னா வேலை நடக்குதுன்னு இதுல போட்டுக்கீதாமே, எனக்கும் ஒரு காப்பி குடு தம்பி."

மழைக்கு மனு

அந்தக் காப்பியின் புண்ணியமோ என்னவோ, ஐப்பசி பிறப்பதற்குள் பேர் மாறிவிட்டது. ஸ்கிரீனில் ஏகாம்பரம் என்று வந்தபோது மணி மூன்றரை, செவ்வாய்க்கிழமை. ராகு காலம். நாலரைக்கு முன்னால் பிரிண்ட் எடுக்கக் கூடாது என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நாலு இருபத்தைந்துக்குக் கரண்ட் போனது. ஆறு மணிக்கு வந்தது. அப்புறம்தான் பிரிண்ட்.

லோன் கிடைத்து, கூரை ஓட்டைப் பிரித்து, கம்பி கட்டி, நாளைக்குக் கான்கிரீட் என்ற நிலையில் மறுபடி வந்தார். தறி திறந்தவெளியில், ஒரு தார்ப்பாய்க்குக் கீழே இருந்தது. மழை வருமா என்று சர்க்கார் போட்டிருக்கிறதா, பார் என்றார். பார்த்தேன். பலத்த மழைக்கு வாய்ப்பு. தயங்கித் தயங்கிச் சொன்னேன். அண்ணன் கலங்கவில்லை, பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"இதை மாத்தறதுக்கு யார்கிட்ட மனு குடுக்கணும், அதைச் சொல்லு ஜல்தியா."

மறுநாள் ஒரு சொட்டு மழை இல்லாமல் கான்கிரீட் ஏறி முடிந்தது. அரசாங்கத் தகவல் தப்பாகப் போனதற்காக என் வாடிக்கையாளர் ஒருவர் எனக்கு மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தது அந்த ஒரே முறைதான்.