காலியாக விடாத கட்டம்

சின்னப்பொண்ணை அவள் புருஷன் கையில் பிடித்துக் கொடுத்தவள் நான். வேறு யாரும் இல்லை, நான்தான்!

இதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னைத் திட்டலாம். ஆனால் திட்டு வாங்கினால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகிவிடும். அதனால் தயவுசெய்து திட்டவும் வேண்டாம்.

கள்ளக்குறிச்சியில் எங்களுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. வீட்டுக்காரர் மெஷினைப் பார்த்துக்கொள்வார். நான் முன்னால் மேஜை போட்டு மனு எழுதுவேன். பட்டா, முதியோர் பென்ஷன், குடிதண்ணீர்... எதுவானாலும் என் மனு திரும்பி வந்ததில்லை. ஒரு கட்டத்தையும் காலியாக விடமாட்டேன். ஒரு கட்டம் காலியாக இருந்தால் போதும், அதையே சாக்காக வைத்து ஏழையை விரட்டிவிடுவார்கள். அந்தப் பெருமை எனக்கு ஜாஸ்தியாகவே இருந்தது.

சின்னப்பொண்ணு வெள்ளிமலைக்கும் மேலே ஓர் ஊரிலிருந்து வந்தாள். இடுப்பில் மூன்று வயதுப் பெண் குழந்தை. இடது கண்ணுக்குக் கீழே வீக்கம் வடிந்து மஞ்சளாகத் தொடங்கியிருந்தது.

"டேசனுக்குப் போனேன்க்கா. புருசன் பொண்டாட்டி சண்ட, பேசித் தீத்துக்கோனாங்க. அப்பறம் வேற ஆபீசுக்குப் போவச் சொன்னாங்க. அங்க போனா, மனு எழுதிக்கினு வானாங்க. தங்கறதுக்கு ஒரு எடம் குடுத்தா போதும்க்கா, வேல செஞ்சி சாப்டுக்கறேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அடித்தவன் மலையில் கால் நீட்டிப் படுத்திருக்க, அடி வாங்கியவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி படியாக ஏறி இறங்க வேண்டும்! எந்த ஊர் நியாயம் இது?

அந்த ஆத்திரத்தோடே எழுதினேன். பெண்கள் காப்பகத்தில் குழந்தையோடு தங்க இடம் வேண்டும் என்று இரண்டு பக்கம். படித்துக் காட்டியபோது அவள் அழுதாள். தற்போதைய முகவரி: தியாகதுருகம், அத்தை வீடு. ஒற்றை அறை. ஒரு வாரத்துக்கு மேல் முடியாது என்று அத்தை சொல்லிவிட்டாளாம்.

கடைசிக் கட்டம், கைபேசி எண்.

"போன் இருக்குதாம்மா?"

"ஏதுக்கா... ஒடச்சிப் போட்டுட்டாரு."

அவள் கொண்டுவந்த ரேஷன் கார்டு நகலின் மூலையில் யாரோ பேனாவால் ஓர் எண்ணைக் குறித்திருந்தார்கள். அதைப் பார்த்து எழுதினேன்.

கைப்பழக்கம், அவசரம், பின்னால் வரிசை... இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டது இதுதான். பொய்! அது யாருடைய எண் என்று எனக்குத் தெரியும். ரேஷன் கார்டில் வேறு யாருடைய எண் இருக்கும்? என் பேனா கொஞ்சம் நின்றது. என் எண்ணை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதினால் நாளைக்கு அவள் புருஷன் கடை வாசலில் வந்து கத்துவான். உனக்கேன் ஊர் வம்பு என்பார் வீட்டுக்காரர்... எப்படியும் ஆபீஸில் யார் கூப்பிடப் போகிறார்கள்? கட்டம் நிறைந்தால் சரி.

எத்தனை மனு எழுதியிருப்பேன், ஒன்றுக்காவது போன் போட்டிருக்கிறார்களா? பாவிகள், இந்த ஒரு மனுவுக்குத்தான் போட்டார்கள்!

அது தெரியாமல் சின்னப்பொண்ணு இலவச பஸ்ஸில் இரண்டு முறை கடைக்கு வந்தாள். "உங்களுக்கு போன் வந்துதாக்கா?" என்றாள். நான் என் எண்ணைத்தான் எழுதியிருப்பேன் என்று அவள் நினைத்திருக்கிறாள்! "வரும், பொறு" என்றேன்.

மூன்றாவது முறை அந்த ஆபீஸுக்கு அழைத்துப் போனேன். அவளை வெளியே நிற்கவைத்துவிட்டு நான் மட்டும் உள்ளே போனேன். ஏன் என்று நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

"அதான் முடிஞ்சிட்ச்சேம்மா" என்றார் மேஜையில் இருந்தவர். "காப்பகத்துல எடம் இருந்துது. வரச் சொல்லலாம்னு மனுவுல இருந்த நம்பருக்குப் போட்டோம். தியாகதுருகத்துல இருக்கற சின்னப்பொண்ணுதானேனு கேட்டோம். வூட்டுக்காரர் பேசினாரு. ராஜியாயிட்டோம் சார்னாரு. க்ளோஸ் பண்ணிட்டோம்."

ராஜி! எங்கள் வீடுகளில் அந்தச் சொல்லைக் கல்யாணப் பேச்சில் சொல்வார்கள். பெண் ராஜியா, அவளுக்குச் சம்மதமா என்று கேட்காமல் நிக்காஹ் நடக்காது. இங்கே பெண்ணைக் கேட்காமலே ராஜி எழுதி, கோப்பையும் மூடிவிட்டார்கள்.

"அந்தப் பொண்ணக் கேக்க வேணாமா சார்?" என்று கத்தினேன்.

"நம்பர் நீங்க எழுதிக் குடுத்ததுதானேம்மா?"



வெளியே வந்தேன். "இன்னா சொன்னாங்கக்கா?" என்று ஓடி வந்தாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நீ இருக்கும் இடம் அவனுக்குத் தெரிந்துவிட்டது, அங்கே போகாதே, பிள்ளையோடு என் வீட்டுக்கு வா என்று. சொன்னால், எப்படித் தெரிந்தது என்று கேட்பாளே... அந்த ஒரு கேள்விக்குப் பயந்தேன்.

"எடம் இல்லயாம்மா. இவனுங்கள நம்பவே கூடாது. திங்கக்கெழம வா, வேற மனு எழுதலாம்."

இடம் இருந்தது! அவளுக்கும் குழந்தைக்கும் இடம் இருந்தது! இல்லை என்று சொன்னது என் வாய்.

"நீங்க இருக்கறீங்களேக்கா, அது போதும்" என்று பஸ் ஏறினாள்.

திங்கட்கிழமை வந்தாள். சாலைக்கு அந்தப் பக்கம் அவன் பைக்கில் உட்கார்ந்திருந்தான். குழந்தை டேங்கின் மேல், அவன் கைக்குள் இருந்தது.

"அத்த வூட்டுக்கே வந்துட்டாருக்கா. எப்டித் தெரிஞ்சிதோ... புள்ளையத் தூக்கி வண்டியில வச்சிக்கினாரு. நான் இன்னா பண்றது? கார்டு நகல் உங்ககிட்ட இருக்குதுனு சொல்லி நிறுத்தினேன். சொல்லாம போவ மனசு வரல."

என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். கும்பிட்டாள்! நான் நகலை எடுத்துக் கொடுத்தேன், அந்த எண்ணோடு.

போன மாதம் அதே மலையிலிருந்து வேறொருத்தி வந்தாள். உதடு கிழிந்திருந்தது. "சின்னப்பொண்ணு சொல்லி வுட்டுச்சிக்கா. நீங்க எழுதினா ஆபீஸ்ல மதிப்பாங்களாம். அதுக்குத்தான் நேரம் சரியில்லாம போயிட்ச்சாம்."

"அவ எப்டிம்மா இருக்கறா?"

"இருக்குது... வலது கைய மடக்க முடியாது. ஒண்டியா எங்கியும் வுட மாட்டாரு."

மனு எழுதினேன். கடைசிக் கட்டத்தில் என் எண்ணை எழுதினேன். பத்து எண்கள். எழுதி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை... இவ்வளவுதானா? இவ்வளவுதான்!

அவள் மனுவை மடித்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "சின்னப்பொண்ணுகிட்ட எதுனா சொல்லட்டுமாக்கா?"

சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உங்களிடம் இப்போது சொன்னேனே, அது.

"கேட்டேன்னு சொல்லும்மா" என்றேன்.