சாவே இல்லாத உப்பளம்

எங்கள் உப்பள முதலாளிக்கு ஊரெல்லாம் நல்ல பேர். குடியிருப்பில் யாருக்காவது முடியாமல் போய், இனித் தேறாது என்று தெரிந்தால் தன் வண்டியை ஓசியில் அனுப்பிவிடுவார். சிக்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் சொந்த ஊரில் கொண்டுபோய்ப் படுக்க வைப்போம். உயிர் சொந்த மண்ணில் போக வேண்டும் என்பது எங்கள் வழக்கம். என் வீட்டுக்காரர் சிறுநீரகம் கெட்டுக் கிடந்தபோதும் அந்த வண்டிதான் வந்தது. முதலாளியைக் கையெடுத்துக் கும்பிட்டேன். இப்போது நினைத்தாலும் அந்தக் கை எரிகிறது.

பிறகு, குடியிருப்புக்கு ஒரு துணை சுகாதார நிலையம் கேட்டு மனு கொடுத்தோம். விசாரிக்க வந்த அதிகாரி இரண்டு பதிவேடுகளை விரித்தார்.

"ஆயிரம் பேருக்கு எத்தனை சாவுன்னு ஊர் ஊரா ஒப்பிட்டுத்தாம்மா முடிவு பண்றோம். உங்க சொந்த ஊர்ப் பக்கம் சாவு அதிகம். இங்க ஒண்ணுமே பதிவாகலையே."

"உப்புக் காத்து சார், நோய் அண்டாது" என்று முதலாளி சிரித்தார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இங்கே சாவு விழாத வரைக்கும் அவனை யாரும் ஒரு கேள்வி கேட்கப் போவதில்லை. தண்ணீரும் நிழலும் இல்லாத வெயிலில் காய்ச்சி என் புருஷனைக் கொன்றது உப்பளம், அவர் சாவு ஏறியது சொந்த ஊர்ப் பதிவேட்டில். சுகாதார நிலையமும் அங்கேயே போனது. அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை.

ஆறு மாதத்தில் என்னைப் பெற்ற அய்யாவுக்கும் அதே நோய். ஆஸ்பத்திரியில் கையை விரித்துவிட்டார்கள். வண்டி வாசலில் வந்து நின்றது. முதலாளியே இறங்கினான்.

"பெருச ஏத்து ஆத்தா. நேரமாக்காத."

"வேணாம். எங்கய்யா இங்கனதான் இருப்பாரு."

"பெத்தவருக்குச் செய்யிற காரியமா இது?"

அது சுருக்கென்று தைத்தது. மூன்று நாளாக அய்யா ஊருக்குப் போகணும் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் காதருகில் குனிந்து, ஏன் அனுப்பமாட்டேன் என்று சொன்னேன். தலையைத் திருப்பி வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார்.

"அப்பக் கட்டில வாசல்ல தூக்கிப் போடு ஆத்தா. அந்தப் பய பாத்துக்கிட்டே போகட்டும்."

இரண்டாம் நாள் வாசலிலேயே உயிர் போனது. அவருடைய கடைசி ஆசையைக் கெடுத்தவள் நான். அந்தப் பாவம் என்னோடு இருக்கட்டும். இறந்த இடம் உப்பளக் குடியிருப்பு என்று எழுதியதை என் கண்ணால் பார்த்த பிறகுதான் பதிவு அலுவலகத்தை விட்டு வெளியே வந்தேன்.

போன வாரம் பக்கத்து வீட்டு வாசலில் அந்த வண்டி வந்து நின்றது. அந்த வீட்டுக்காரி சாணியைக் கரைத்து அதன் கண்ணாடியில் ஊற்றித் திருப்பி அனுப்பினாள்.