தண்ணீர் பட்டதும் சிரித்தவள்

கிணற்று மேட்டில் புத்தகப் பையை வீசிவிட்டு, பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு அக்கா குதிக்கிற அந்த நொடி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. சின்னசேலத்துப் பக்கம், அம்மாவும் அப்பாவும் கூலிக்குப் போன நிலத்தின் கிணறு அது. அக்கா அப்போது பத்தாவது. கணக்கு டீச்சரிடம் திட்டு வாங்கிய நாளில் வழியெல்லாம் வாயே திறக்கமாட்டாள். நான் ஏதாவது கேட்டால் எரிந்து விழுவாள். குதித்து, உள்ளே போய், மேலே வந்து முகத்தை வழித்தாளென்றால் வேறு ஆள். "அப்பாடா! தலவலிய கெணத்துலயே வுட்டுட்டேன்டி" என்பாள். அப்புறம் சிரிப்பு. அவளுக்குச் சிரிப்பை அடக்கவே வராது.

அந்த வருடமே பெரியவளானாள். சடங்கு முடிந்த மறுநாளே அம்மா சொல்லிவிட்டாள்: "இனிமே கெணத்துப் பக்கம் போன, கால ஒடிச்சிடுவேன். பாக்கறவங்க இன்னா பேசுவாங்க?" அவ்வளவுதான். பரீட்சை நெருங்க நெருங்க அக்கா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். சோறு இறங்கவில்லை. புத்தகத்தைத் திறந்தால் அழுகை. சாப்பிடச் சொன்னால் தட்டைத் தூக்கி எறிந்தாள். பிள்ளைக்குப் பயம், மூச்சு விட ஓர் இடம் வேண்டும் என்று எங்கள் வீட்டில் ஒருத்தருக்காவது தோன்றியதா? "ஒண்டியா குதிச்சிக்கினு இருந்தா இல்ல, அங்கதான் காத்து அண்டிக்கிச்சி" என்று அப்பா முடிவே கட்டிவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை அவளைக் கோயிலுக்கு இழுத்துப் போனார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன். பூசாரி அவளை உட்காரவைத்துத் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். மாசக்கணக்கில் இறுகிக் கிடந்த முகம் மெல்ல இளகியது. கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த குடம் விழுந்ததும் சிரித்தாள். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு! சந்தோஷத்தில் நானும் சிரித்துவிட்டேன். "பாரு பாரு, பேயி சிரிக்குது!" என்று கூட்டம் கத்தியது. வேப்பிலைக் கொத்து வந்தது, அப்புறம் பிரம்பு. சிரிப்பு நிற்கும்வரை அடித்தார்கள். நின்றதும், "போயிடுச்சி" என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். அக்கா பரீட்சை எழுதவில்லை. அடுத்த தை மாசம் கல்யாணம் முடித்துவிட்டார்கள்.

என் மகள் இப்போது பன்னிரண்டாவது. படிப்பு படிப்பு என்று அவளும் வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுகிறாள். காலாண்டு லீவில் அவளை வெள்ளிமலைப் பக்கத்து அருவிக்குக் கூட்டிப்போனேன். அக்காவும் வந்தாள். எங்கள் மாற்றுத் துணியை மடியில் வைத்துக்கொண்டு பாறையிலேயே உட்கார்ந்திருந்தாள். மகள்தான் கையைப் பிடித்து இழுத்துவந்து தண்ணீருக்குள் நிறுத்தினாள். தலையில் விழுந்ததும் அக்காவின் தோள் தளர்ந்தது. உதடு துடித்தது. சட்டென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சிரிங்க பெரியம்மா, இன்னாத்துக்கு அடக்கிக்கினு கீறீங்க?" என்றாள் மகள்.

அக்கா பொத்திய கையை எடுக்காமல், சுற்றி யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள்.