முகத்தைத் திருப்பாமல் சொன்னது

வகுப்பில் அவரவர் குடும்ப வரைபடத்தை வரையச் சொன்ன அன்று ஆரம்பித்தது இது. நான் மூலக்கூறு மருத்துவத்தில் முதுநிலை படிக்கிறேன். சென்னையில் விடுதி வாசம், இரண்டாம் வருடம். வரைபடத்தில் ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், கணவன் மனைவியை இணைக்க ஒரு கோடு. சொந்தத்துக்குள் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. எங்கள் வீட்டை வரைய உட்கார்ந்தால் ஒற்றைக் கோடு வரவே மாட்டேன் என்றது. அப்பா அம்மாவுக்குச் சொந்தத் தாய்மாமன். அவர் கட்டத்தை எந்தத் தலைமுறையில் போடுவது என்று தெரியாமல் தாளைக் கசக்கி மறுபடி வரைந்தேன். பக்கத்துத் தோழி எட்டிப் பார்த்து, "உங்க வீட்டுல வெளியாளை உள்ளேயே விடமாட்டீங்களா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காது மடலெல்லாம் சுட்டது.

நோய் உள்ளவரின் கட்டத்தைக் கறுப்பாக நிரப்ப வேண்டும். என் அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேனாவால் அவனை நிரப்பினேன். அண்ணன் ஒரு நோயாளி என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. அன்று தோன்றிவிட்டது. தோன்றியதைப் பெரிய அறிவு என்று நினைத்துக்கொண்டு விடுமுறைக்கு ஊருக்கு வந்தேன்.

தூத்துக்குடியில் பழைய துறைமுகம் போகிற சாலையில் எங்கள் பலசரக்குக் கடை, பின்னால் வீடு. கடையை இப்போது அண்ணன்தான் பார்க்கிறான். உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வான். படகுக்காரர்கள் கல்லாமேசையைத் தட்டிவிட்டு, அவன் நிமிரும்வரை பொறுத்துச் சாமான் கேட்பார்கள். ஹிந்திக்கார லாரி டிரைவர்களிடம் மட்டும் திணறுவான். அதில் அப்பாவும் அப்படித்தான்.

அண்ணனுக்குத் தெரியக்கூடாத பேச்சு என்றால் வீட்டில் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அம்மா அடுப்பைப் பார்த்துப் பேசுவாள், அப்பா காலண்டரைப் பார்த்து. அவனுக்குப் பார்த்த பெண்ணின் வீட்டார் வேண்டாம் என்று சொல்லிவிட்டதைக்கூட அப்படித்தான் பேசி முடித்தோம். யாரும் சொல்லித் தரவில்லை. நடக்கப் பழகியதுபோல் இதுவும் பழகிவிட்டது.

போன ஞாயிறு மதியம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்காவுக்கும் ஆத்தூர் மாமாவின் மகனுக்கும் நிச்சயம் செய்வதைப் பற்றித்தான் பேச்சு. மாமா அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. அக்காவுக்கும் அத்தானுக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு அத்தனை பிரியம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம், அல்லது ஒழுங்காகவாவது பேசியிருக்கலாம்.

"ரத்தப் பரிசோதனை பண்ணாம நாள் குறிக்காதீங்க," என்றேன்.

"ஏளா, அவன் நம்ம பிள்ள. அவனுக்கு என்ன சீக்கக் கண்டுட்ட?" என்றாள் அம்மா.

"சீக்கு நம்ம ரத்தத்துலயே இருக்கும்மா. நீங்க செஞ்ச தப்ப இவங்களும் செய்யணுமா? அண்ணன மாதிரி இன்னொண்ணு பிறந்தா யாரு பாக்கிறது?"

அம்மாவின் பார்வை என் எதிரே இருந்தவனிடம் போனது. அண்ணன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் முகத்தைத் திருப்பவில்லை. விடுதியில் இருந்து இருந்து அந்தப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. அதைவிட, 'இன்னொண்ணு' என்று சொல்லியிருந்தேன், ஆடு மாட்டைச் சொல்வதுபோல.

அண்ணன் இலையில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுக் கடைக்குப் போனான். அப்பா மெதுவாக, "நாங்க செஞ்ச தப்புன்னு அவனையா சொல்லுத?" என்று கேட்டார். எனக்குச் செத்துவிடலாம்போல் இருந்தது. நாங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்போதெல்லாம் அவன் என்ன நினைத்திருப்பான் என்று அப்போதுதான் முதன்முதலாக யோசித்தேன். பேசுவது தன்னைப் பற்றி என்று ஒவ்வொரு முறையும் அவனுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கும்.

அன்று சாயங்காலம் அக்கா மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நான் போய் நின்றதும் திரும்பாமலே, "நீ சொன்னது சரியாவே இருக்கட்டும். அதச் சொல்ல உனக்கு அண்ணன்தான் கிடைச்சானா?" என்றாள். எடுத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, "பரிசோதனைக்கு அவங்களும் சரின்னுதான் சொல்லுதாங்க. என்ன செய்யணுமோ செய்," என்றாள்.

என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் வம்பே இருந்தது. முதலில் அண்ணனின் ரத்தத்தில் எந்த மரபணுவில் பிழை என்று பார்க்க வேண்டும். அது தெரிந்தால்தான் அதே பிழை அக்காவிடமும் அத்தானிடமும் இருக்கிறதா என்று தேட முடியும். அவன் இல்லாமல் ஒன்றும் நடக்காது. மனிதனை ஒண்ணு என்று சொல்லிவிட்டு அவனிடமே போய்க் கையை நீட்டு என்று கேட்க வேண்டும்.

நேரில் கேட்க முகம் இல்லை. நேற்று கடையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தவனுக்கு வாட்ஸப்பில் எழுதினேன். மன்னிப்பும் கேட்டேன், விஷயத்தையும் சொன்னேன். மன்னிப்பைவிட விஷயம் நீளமாக இருந்தது.

அவன் படித்தான். ஒருவருக்குப் பருப்பு நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து எழுதினான். "பெரியவளுக்காக எத்தன தடவ வேணாலும் எடுத்துக்க. ஒண்ணு மட்டும் கேக்கேன். கல்யாணமாகி அவ வயித்துல ஒரு பிள்ள வந்து, அதுக்கும் என்ன மாதிரியே இருக்குன்னு தெரிஞ்சா, என்ன செய்வீங்க?"

பாடத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. தேர்வில் எழுதி நல்ல மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன். பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய வழிகள் என்று வரிசையாக எழுதுவோம். கருவைக் கலைப்பது அதில் ஒன்று. அந்தச் சொல்லைத் தட்டினேன், அழித்தேன். வேறு மாதிரி தட்டினேன், அதையும் அழித்தேன். நான் எழுதிக்கொண்டே இருப்பதாக அவன் போனில் காட்டியிருக்கும். தலை நிமிராமல் காத்திருந்தான்.

பிறகு அவனே எழுதினான். "சரி, யோசிச்சுச் சொல்லு. நாளைக்கு வெறும் வயித்துல வரணுமா, சாப்பிட்டு வரலாமா?"

சாப்பிட்டு வரலாம் என்று எழுதினேன். அது ஒன்றுக்குத்தான் எனக்குப் பதில் தெரிந்திருந்தது.