தையல் மெஷின் மிதித்த கால்

தண்ணீர் கேன்கள் உருளும் சத்தம்தான் முதலில் கேட்டது. இடித்தது நாங்கள்தான் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

செம்பூரிலிருந்து தாராவிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை. உம்மா ஓட்டினாள், நான் பக்கத்து சீட்டில். மேம்பாலம் ஏறும்வரை ஒரு குறையும் இல்லை. இறங்கும்போது முன்னால் வண்டிகள் நின்று நின்று நகர்ந்தன. உம்மாவும் பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டுக்கொண்டே வந்தாள். சரிவு முடிகிற இடத்தில், காலி கேன் ஏற்றிய டெம்போ ஒன்று நின்றது. நாங்கள் நிற்கவில்லை.

"ஏளா, மிதிபடலளா! மிதிபடல!"

திரும்பிப் பார்த்தேன். உம்மா சீட்டை விட்டு எழும்பி, ஒற்றைக் காலில் பெடல்மேல் நின்றுகொண்டிருந்தாள். அப்படி ஒரு காட்சியை நான் எந்த வீடியோவிலும் பார்த்ததில்லை. ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். வண்டி ஒரு பக்கமாக இழுபட்டு, டெம்போவின் பின்கதவில் போய் முட்டியது. கொக்கி கழன்றது. அத்தனை கேன்களும் எங்கள் பானெட்மேல் கொட்டி, ரோடெல்லாம் உருண்டோடின.

டெம்போக்காரன் குதித்து இறங்கி வந்தான். ஸ்டியரிங் பிடித்திருக்கும் ஆளைப் பார்த்ததும் கோபம் பாதி நக்கலாக மாறிவிட்டது. "அரே ஆன்ட்டி, பிரேக் கர் பே சோட்கே ஆயி க்யா?" பிரேக்கை வீட்டில் விட்டுவிட்டு வந்தீர்களா என்கிறான். சுற்றி நின்ற ஆட்டோக்காரர்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவர்கள்தான் கேன் பொறுக்கவும் உதவினார்கள்.

கடைசி கேனைத் தூக்கிப் போட்டுவிட்டு வந்து பார்த்தால் டிரைவர் சீட் காலி. உம்மா என் இடத்தில் மாறி உட்கார்ந்திருந்தாள்.

"நீயே ஓட்டு."

அவளுடைய வலது கால் மட்டும் அடங்கவில்லை. செருப்பு தரையில் தட் தட் தட்டென்று தானாக அடித்துக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வரும்வரை முதல் கியரிலேயே, ஆட்களோடு ஆட்களாக ஊர்ந்து வந்தேன். என் காலுக்கு பிரேக் வேலை செய்தது. அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

உம்மா கார் ஓட்டக் கற்றுக்கொண்டது பொழுதுபோக்குக்கு அல்ல. எங்களுக்கு தாராவியில் தோல் பை தைக்கிற கார்கானா, ஒரு சின்னப் பட்டறை, இருக்கிறது. வாப்பா வெட்டுவார், உம்மா தைப்பாள். தைத்த பைகளை வாஷியில் இருக்கும் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவது வாப்பாவின் வேலை. கண் ஆபரேஷனுக்குப் பிறகு வண்டியைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் எனக்கு ஆபீஸ். இன்ஜினீயரிங் படித்துவிட்டு, தொட்டுப் பார்க்க முடியாத மெஷின்களைப் பற்றி கம்ப்யூட்டரில் கட்டம் நிரப்புகிற வேலை. ஆகவே உம்மாதான் ஒருநாள் எழுந்து, "நான் ஓட்டுதேன்" என்றாள். மாட்டுங்காவில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள், முதல் தடவையிலேயே பாஸ் பண்ணி லைசென்ஸ் வாங்கினாள். சரக்கில்லாமல் எங்கள் வண்டியில் ஓட்டிப் பழகுகிற நாட்களில்தான் இந்த இடி.

வாப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இந்தாளா, ஸ்கூல் வண்டில மாஸ்டர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு, தெரியும்லா? அவன் மிதிச்சு வண்டிய நிப்பாட்டிருக்கான். நீ நிப்பாட்டுனதா நெனச்சுக்கிட்ட."

உம்மா எதையாவது எடுத்து வீசுவாள் என்று எதிர்பார்த்தேன். எங்கள் வீட்டில் வாய்க்கு வாய் கொடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் அவள் வாப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மாஸ்டர் எப்போது மிதித்தான், எப்போது மிதிக்கவில்லை என்று அவளுக்கே தெரியாது. அது எனக்கு அந்த நிமிடம்தான் விளங்கியது. இனி ஓட்டப்போவதில்லை என்பதுபோல உம்மா சாவியை ஃப்ரிட்ஜ் மேல் தூக்கிப் போட்டாள்.

நான் விடவில்லை. "உம்மா, ஒன்னு மட்டும் சொல்லு. மிதிச்சப்போ பெடல் பொசுக்குன்னு உள்ள போச்சா, இல்ல கல்லு மாதிரி இருந்துச்சா?"

"கல்லுளா. செவுத்த மிதிச்ச மாதிரி."

காலில் பலமில்லாதவள் மிதித்தால் பெடல் ஏன் கல்லாக வேண்டும்?

லேபர் கேம்ப் பக்கம் ஒரு மெக்கானிக் இருக்கிறார், நாங்கள் அண்ணாச்சி என்று கூப்பிடுவோம். அவரிடம் கொண்டுபோனேன். அவர் எடுத்துக்கொண்டு ஒரு சுற்று போனார், ஓங்கி ஒரு மிதி, வண்டி குத்துக்கல்லாக நின்றது. பேட் பார்த்தார், பிரேக் ஆயில் பார்த்தார். "வண்டில ஒன்னுமில்ல பிள்ள. அம்மாவ நல்லா சாப்பிடச் சொல்லு" என்றார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும் வாப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

உம்மா மறுபடியும் தையல் மெஷினுக்குப் போய்விட்டாள். கார்கானாவில் இருப்பது மோட்டார் மெஷின். ஓங்கி மிதித்தால் ஊசி பறக்கும். பையின் கைப்பிடி வளைவில் அப்படிப் பறந்தால் தோல் பாழ். அந்த இடத்தில் உம்மா பெடலை அழுத்த மாட்டாள், தட்டுவாள். ஒரு தட்டு, ஒரு தையல். நான் டீ கிளாஸோடு வாசலில் நின்று அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். தட், தட், தட். சின்ன வயதிலிருந்து கேட்கிற சத்தம். மேம்பாலத்தில் இறங்கும்போதும் இதே கால்தானே இப்படியேதானே தட்டிக்கொண்டு வந்தது?

டீயை அப்படியே வைத்துவிட்டு, ஃப்ரிட்ஜ் மேலிருந்த சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வண்டி நின்ற இடத்திலேயே இன்ஜினைப் போட்டேன். நியூட்ரல், ஹேண்ட் பிரேக். ஒரு மிதி. ஒழுங்காக இறங்கியது. விட்டுவிட்டு உம்மாவைப் போல் தட்டினேன். தட், தட், தட். ஒவ்வொரு தட்டுக்கும் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கிக்கொண்டது. அப்புறம் கல். நானும் எழுந்து அதன்மேல் ஏறி நின்றேன். இறங்கவில்லை. இன்ஜின் என்னவோ ஒன்றுமே நடக்காதது போல ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் விட்டுவிட்டு மறுபடி மிதித்தால், அதே பெடல் வெண்ணெய் மாதிரி உள்ளே போகிறது!

விஷயம் இதுதான். பெடலுக்குப் பின்னால், பானெட்டுக்குள், தட்டு மூடிய சட்டி மாதிரி ஒரு கறுப்பு டப்பா இருக்கும். பூஸ்டர். அதற்குள்ளிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால் அந்த வெற்றிடம், வேக்குவம் என்பார்கள், நம் காலோடு சேர்ந்து தள்ளும். அதனால்தான் யாரும் லேசாக மிதித்தே காரை நிறுத்த முடிகிறது. பெட்ரோல் வண்டியில் இன்ஜினே உறிஞ்சிக்கொள்ளும். எங்களுடையது டீசல். டீசல் இன்ஜினுக்கு அந்தப் பழக்கம் கிடையாது, அதற்கென்று தனியாக ஒரு பம்ப் உண்டு. ஒவ்வொரு மிதிக்கும் டப்பாவில் இருக்கும் வேக்குவம் கொஞ்சம் செலவாகும், பம்ப் உடனே நிரப்பிவிடும். எங்கேயாவது காற்று கசிந்தால் நிரப்ப நேரமாகும். ஓங்கி ஒரு மிதி மிதிக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. தட்டித் தட்டி ஓட்டுகிறவளுக்கு டப்பா காலியாகிவிடும். எங்கள் வீட்டில் அப்படி ஓட்டுவது ஒரே ஒரு ஆள். வண்டியை ஊர்ந்து ஊர்ந்தே மறுபடி லேபர் கேம்ப்புக்குக் கொண்டுபோனேன்.

"அண்ணாச்சி, ஒங்கள மாதிரி மிதிக்காதீங்க. எங்கம்மா மாதிரி மிதிங்க."

"அதுக்கு நான் கால்ல கொலுசு போட்டுக்கிடணுமா?" என்று சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். தட்டினார். நாலைந்து தட்டிலேயே சிரிப்பு நின்றுவிட்டது. கதவைத் திறந்துகொண்டு, வண்டி கடித்துவிடும் என்பதைப் போல வெளியே வந்தார். "ஏ அம்மாடி! இந்த வண்டியவா ஓட்டிக்கிட்டு அலைஞ்சிய?"

போன் போட்டு உம்மாவை வரச் சொன்னேன். வாப்பாவும் கூடவே வந்தார், வேடிக்கை பார்க்கிறவரைப் போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

அண்ணாச்சி வேக்குவம் அளக்கிற கேஜைக் கொண்டுவந்தார். பம்பிலிருந்து ஒரு தடித்த குழாய் பூஸ்டருக்குப் போகிறது. அதிலிருந்தே ஒரு மெல்லிய கிளை பிரிந்து கீழே, இன்ஜினுக்கு இழுவை கூட்டுகிற டர்போ பக்கம் போகிறது. கிளையைக் கழற்றி அந்த வாயை அடைத்துவிட்டு இன்ஜினைப் போட்டோம். முள் விர்ரென்று ஏறி மேலே நின்றது. பம்ப் நல்ல பம்ப். கிளையை மாட்டினோம். முள் சரிந்தது.

"அதுலதான்!" என்று கத்தினேன். இன்ஜினை நிறுத்தி, சூடு தணிந்ததும் கையை உள்ளே விட்டு அந்தக் கிளையை விரலாலேயே பிடித்துக்கொண்டு போனேன். ரப்பர், ரப்பர், ரப்பர். அப்புறம் ரப்பர் இல்லை. வழவழவென்று வேறு என்னவோ. டார்ச் அடித்துப் பார்த்தேன். கண்ணாடி மாதிரித் தெரிகிற குழாய்த் துண்டு ஒன்றை நடுவில் சொருகியிருந்தார்கள். சூட்டில் பழுப்பேறி, நீளவாக்கில் வெடித்திருந்தது. இரண்டு முனையிலும் கறுப்பு நைலான் நூலைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

அந்தக் குழாய் எனக்குத் தெரியும். கார்கானாவில் முன்பு மீன் தொட்டி இருந்தது. மீன்கள் செத்த பிறகு அதில் நூல்கண்டு போட்டு வைத்திருக்கிறோம். அந்தத் தொட்டிக்குக் காற்று விடுகிற குழாய் இது.

உம்மா கையை நீட்டினாள். கழற்றிக் கொடுத்தேன். அவள் குழாயைப் பார்க்கவில்லை, முடிச்சைப் பார்த்தாள்.

"இது நம்ம பையோட கைப்பிடிக்குப் போடுத முடிச்சு."

அண்ணாச்சி திடீரென்று ஒரு ஸ்பானரைத் தேடப் போய்விட்டார்.

"அது பிரேக் பைப்பு இல்லியே," என்றார் வாப்பா. "டர்போவுக்குப் போறதுலா அது. மழ நேரத்துல எலி கடிச்சு வச்சிருந்துச்சு. ரெண்டு நாளைக்குத் தாங்குமேன்னு சுத்துனேன். பொறவு மறந்தே போச்சு. பிரேக்குக்கும் இதுக்கும் என்ன இருக்கு?"

"வாப்பா, ரெண்டுக்கும் ஒரே பம்பு."

வாப்பா அந்த இடத்திலேயே, கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. நானும் போட்டுக்கொண்டிருந்தேன். ஆபரேஷனுக்கு முன்பு, பெருநாளுக்கு மறுநாள் வாப்பா ஓட்ட லோனாவாலா போய்விட்டு மலைச் சரிவில் இறங்கினோமே, அப்போதும் இந்தக் குழாய் அங்கேதான் இருந்தது. பின்சீட்டில் அக்காவின் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தன. வண்டி இழுக்கவில்லை, பழசாகிவிட்டது என்று வாப்பா சலித்துக்கொண்டதும் இதனால்தான். நாங்கள் ஏழு பேர் ஒரு மீன் தொட்டிக் குழாயை நம்பி மலை இறங்கியிருக்கிறோம்.

"இந்த முடிச்ச ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நாந்தான்," என்றாள் உம்மா. அவ்வளவுதான். வாப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். எதற்கு ஆட்டுகிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

புதுக் குழாய் மாட்டி, கேஜ் வைத்துப் பார்த்தோம். முள் மேலே ஏறி அங்கேயே நின்றது. அண்ணாச்சி உட்கார்ந்து தட்டித் தட்டிப் பார்த்தார், நான் தட்டிப் பார்த்தேன். பெடல் கல்லாகவில்லை. "அம்மா, நீங்க வாங்க" என்று அண்ணாச்சி கதவைத் திறந்து பிடித்தார்.

வாப்பா பழக்க தோஷத்தில் பக்கத்து சீட் கதவில் கை வைத்தார்.

"அங்கன ஒக்காராதிய," என்றாள் உம்மா. "யாரும் ஒக்கார வேண்டாம். பின்னால ஏறுங்க."

வாப்பாவும் நானும் பின்னால் ஏறினோம். முன்சீட் காலியாக, பெல்ட் தொங்கிக்கொண்டு இருந்தது. உம்மா லேபர் கேம்ப்பிலிருந்து நேராக செம்பூர் பக்கம் போய், வேண்டுமென்றே திரும்பி, அதே மேம்பாலத்தில் ஏறினாள். இறக்கத்தில் அதே நெரிசல். வாப்பா முன்சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் சீட்டுகளுக்கு நடுவே குனிந்து, ஹேண்ட் பிரேக்கிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கையை வைத்திருந்தேன். உம்மா கண்ணாடியில் பார்த்துவிட்டாள்.

"கைய எடுளா."

எடுத்தேன். தட், தட், தட் என்று அவள் கால் போய்க்கொண்டே இருந்தது. முன்னால் ஒரு ஸ்கூட்டர், அதில் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் துப்பட்டா காற்றில் ஆடியது. ஸ்கூட்டர் நின்றது. நாங்களும் நின்றோம். இடையில் ஒரு ஆள் தாராளமாக நடந்து போகலாம்.

உம்மா ஸ்டியரிங்கை விடவில்லை. காலியான பக்கத்து சீட்டின் கால்மாட்டைக் குனிந்து பார்த்தாள்.

"ஏளா, இப்ப மிதிச்சது யாரு?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வாப்பா சொன்னார். "நீதான்."

பின்னால் ஹாரன்கள் அலறத் தொடங்கின. நின்றுகொண்டிருந்த வண்டியில் உம்மா இன்னொரு தடவை பிரேக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, கியரைப் போட்டாள்.